கல்லுக்குத் தீட்டில்லை

வீட்டு வேலை தொடங்கி பதினோரு மாசம் ஆகிவிட்டது. பேங்குக் கடன், பி.எஃப். கடன், மனைவியின் நகை எல்லாம் போட்டு ஒரு வழியாகப் பூச்சு வேலை முடிந்தது. அடுத்து சமையல் மேடை. மேடைக்கு என்ன கல் போடுவது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. மனைவிக்கு வெள்ளைக் கல் வேண்டும். எனக்கு விலை குறைந்த கல் வேண்டும். ஆத்தா மட்டும் எதுவும் சொல்லவில்லை. "கல்லு எடுக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போப்பா" என்று மட்டும் சொல்லுச்சு.

ஆத்தாவுக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. அதில் முப்பது வருஷம் கல்லு ஒடைச்ச வயசு. புதுக்கோட்டைக்கு மேற்கே, குடுமியான்மலைப் பக்கத்துக் குவாரிகள். குடுமியான்மலை என்றால் படித்தவர்களுக்கு இசைக் கல்வெட்டு ஞாபகம் வரும். எனக்குப் பாறைப் பள்ளமும், அதில் வெயிலுக்கு ஓலைத் தட்டியை நிறுத்தி அதன் நிழலில் உட்கார்ந்து ஜல்லி ஒடைக்கிற பொம்பளைகளும்தான் ஞாபகம் வரும். சுத்தியல் விரலில் பட்டுவிடாமலிருக்க சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி விரலில் சுற்றியிருப்பார்கள். அப்படியும் படும். ஆத்தாவின் இடது கையில் இரண்டு நகம் இன்றைக்கும் நேராக இல்லை.

அப்பா அதே குவாரியில் சம்மட்டி அடிச்சவர், குழி போட்டவர். அந்தக் குழியில்தான் வெடிமருந்து வைப்பார்கள். என் தாத்தா சாவுச் செலவுக்கு வாங்கின முன்பணத்தை அப்பா கடைசிவரைக்கும் கழித்துக்கொண்டே இருந்தார். கழிந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. கணக்கு நோட்டு எங்களிடம் இல்லை, அதைப் படிக்கவும் எங்களில் ஆளில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. ஹரியானாவின் ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில், கட்டாய வேலை நடப்பது தெரிந்தாலே அது முன்பணத்துக்காக நடக்கிற கொத்தடிமை வேலை என்றுதான் அனுமானிக்க வேண்டும் என்று 1983 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இதெல்லாம் நான் காலேஜுக்குப் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. எங்க பாறைக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேரவில்லை.

கல் எடுக்கப் போன கதைக்கு வருகிறேன்.

திருச்சி ரோட்டில் ஒரு கடை. ஆள் உயரத்துக்கு மேலே பலகைகளைச் சாய்த்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கடைக்காரர், "வாங்க சார், வாங்க மேடம்" என்றார். ஆத்தாவைப் பார்த்து, "ஆயாவ அந்தச் சேர்ல உக்காரச் சொல்லுங்க சார். கல்லு கில்லு சாய்ஞ்சிரப் போவுது" என்றார். ஆத்தா உட்காரவில்லை. முந்தானையில் முடிந்திருந்த ஒரு ரூபாய்க் காசை எடுத்து, பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போச்சு. நல்ல பலகை 'ணங்'கென்று சொன்னது. ஒரு பலகை 'டொப்'பென்றது. "இது விட்டுருக்கு. வாங்காத" என்றது. எனக்கு விரிசல் கண்ணில் படவில்லை. கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். பலகையின் பின்பக்கம் வலை ஒட்டியிருந்தது. ஓரத்தில் மயிரிழை போலப் பசை பூசிய கோடு ஒன்று ஓடியது.

மனைவி கேட்ட வெள்ளைக் கல்லைக் காட்டினார். சாம்பல் கோடும் சிவப்புப் பொட்டும் உள்ள வெள்ளை. பார்க்க அழகுதான். "காஷ்மீர் ஒயிட் சார். இதுதான் இப்ப மேடம்ஸ் எல்லாம் கேக்கறாங்க."

"காஷ்மீர்லேருந்து வருதா?" என்று மனைவி கேட்டாள்.

அவர் சிரித்தார். "பேருதான் மேடம் காஷ்மீர். கல்லு நம்ம மேலூர்ப் பக்கம்."

மேலூர் என்றதும் நான் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தலித்துக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த குற்றத்துக்காக முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்டலில் ஒரு வாரம் யாருக்கும் தூக்கமில்லை. அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அதே மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் முறைகேட்டை விசாரிக்க 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை கொடுத்தார். அரசாங்கத்துக்கு எத்தனை கோடி நட்டம் என்ற கணக்கு பத்திரிகைகளில் நாள் தவறாமல் வந்தது. கல்லை வெட்டினவனுக்கு எவ்வளவு நட்டம் என்ற கணக்கு நான் படித்தவரைக்கும் வரவில்லை.

மேலூர்க் கல் என்று சொன்னால் விற்காது, காஷ்மீர் என்றால் விற்கும் போலிருக்கிறது. இதைப் பார்த்து சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. 'சொந்த ஊர் எது?' என்று யாராவது கேட்டால், "புதுக்கோட்டை" என்று டவுனைச் சொல்லி இருபத்தஞ்சு வருஷமாகத் தப்பித்துக்கொண்டிருக்கிறவன் நான்.

அந்தக் கேள்வி அன்றைக்கும் வந்தது. "ஆயாவுக்குக் கல்லப் பத்தி நல்லாத் தெரியும் போலயே. நீங்க எந்த ஊரு சார்?"

"புதுக்கோட்டைதாங்க."

"அதில்ல சார், பூர்வீகம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தா ஊர்ப் பேரைச் சொல்லுச்சு. ஊர்ப் பேரோடு நிறுத்தவில்லை. "அங்க காலனித் தெருவு. நானும் இவுங்கப்பனும் குவாரியில கல்லு ஒடைச்சவங்கதான்" என்றது. கடைக்காரர், "அப்டிங்களா" என்றார். முன்பே டீ சொல்லியிருந்தார். டீ வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப்தான். இந்தக் காலத்தில் அது அவர்களுக்கும் வசதி, நமக்கும் வசதி. ஆனால் அதற்குப் பிறகு அவர் பேச்சில் 'சார்' குறைந்துபோனதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவியும் எண்ணியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள்.

வெள்ளைக் கல் வேண்டாம் என்று ஆத்தாதான் முடிவு செய்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நாலு சொட்டைப் பலகையின் மேல் விட்டு, கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுச்சு. துடைத்த பிறகும் அந்த இடம் கறுத்திருந்தது. "தண்ணியக் குடிக்கிற கல்லு மஞ்சளையும் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும். கொழம்பு வைக்கிற எடத்துல இதப் போட்டா ஆறு மாசத்துல நெறம் மாறிப் போவும்" என்றது. மனைவி முகம் வாடிப்போனது. கறை பிடிக்காமலிருக்க மேலே மருந்து பூசிக்கொள்ளலாம், அதையும் அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும் என்று கடைக்காரரே ஒத்துக்கொண்டார்.

வாசகர்களில் வீடு கட்டுகிறவர்கள் இருக்கலாம். நம்மில் முதல் தலைமுறையாகச் சொந்த மேடைக்குக் கல் எடுக்கிறவர்கள்தான் நிறைய. அதனால் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் எல்லாவற்றுக்கும் கிரானைட் என்றுதான் பெயர். கறுப்புப் பலகை உண்மையில் கிரானைட் இல்லை, வேறு சாதிப் பாறை (கல்லிலும் சாதி என்ற சொல்தான் வாயில் வருகிறது, பாருங்கள்). கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிற கறுப்பு நெருக்கமான கல், தண்ணீர் குடிக்காது. பொன்புள்ளி போட்ட கறுப்பு ஆந்திராவில் சீமகுர்த்தியிலிருந்து வருகிறது. வெளுத்த கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கி விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்தால் சாயம் துணியில் வந்துவிடும். கடப்பாக் கல் விலை குறைவு, ஆனால் சுண்ணாம்புப் பாறை. எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் அரித்து வெளுக்கும். மார்பிளும் அப்படித்தான். கடப்பாவை மேடைக்குக் கீழே தட்டு வைக்கப் போட்டுக்கொள்ளலாம். பலகையின் கனத்தை டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

கடைசியில் கடைக்காரர் இன்னொன்றும் காட்டினார். குவார்ட்ஸ் பலகை. கல்லைப் பொடியாக்கிப் பசையில் குழைத்துக் கம்பெனியில் செய்கிறது. கறையே பிடிக்காது என்றார். அது பெரும்பாலும் உண்மைதான். அந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிலிக்கா. அதை அறுக்கிற பையன்களின் நுரையீரல் சில வருஷத்திலேயே கெட்டுப்போகிறது என்பதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. இதைப் படித்திருந்ததால் நான் வேண்டாம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெருமை பத்து நாள்கூட நிற்கவில்லை.

சிலிக்கா என்பது எங்கோ வெள்ளைக்காரன் நாட்டுச் சமாச்சாரம் இல்லை. கிரானைட்டிலும் எங்க ஊர்ப் பாறையிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. நுரையீரலில் தழும்பு விழுந்து மூச்சு சுருங்கும். சிலிகோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்தில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டமே அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அப்பாவுக்கு இருமல் வந்தபோது ஆஸ்பத்திரியில் டி.பி. என்று எழுதினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தீர்ந்ததும் மறுபடி கொடுத்தார்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. சீட்டில் 'கூலி' என்று எழுதியிருந்தது. 1993இல் செத்துப்போனார். வயசு நாற்பத்தி நாலு. டி.பி. என்றால் நம் குடியும் அழுக்கும் காரணம். சிலிகோசிஸ் என்றால் குவாரிக்காரன் காரணம். சீட்டில் எந்தப் பேர் எழுதப்படுகிறது என்பதில் அவ்வளவு இருக்கிறது.

அப்பா இருந்தபோதே ஒரு நல்ல காலமும் வந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் துரோகம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரிகளைப் பெண் தொழிலாளர் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். ஆத்தாவும் ஒரு குழுவில் இருந்துச்சு. அறிவொளியில் கையெழுத்துப் படிச்சது, சைக்கிள் ஓட்டப் பழகினது எல்லாம் அப்போதுதான். லோடு எத்தனை, கூலி எவ்வளவு என்று சாயங்காலம் அரிக்கேன் வெளிச்சத்தில் பொம்பளைகள் கணக்குப் போடுவார்கள். எட்டாவது படிச்ச நான்தான் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒரு தடவை தப்பாகக் கூட்டினேன். "என்னடா, நீயும் காண்ட்ராக்டர் மாதிரி கூட்டுறே" என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குத்தகை முடிந்தபோது எங்க குழுவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆபீசுக்கு நடந்து நடந்து சைக்கிள் டயர்தான் தேய்ந்தது. பாறை மறுபடி பழைய கைக்கே போனது. ஆத்தா மறுபடி கூலிக்குப் போச்சு.

கடையில் ஆத்தா கடைசியாகக் கறுப்புப் பலகை ஒன்றைக் கையால் தடவிக்கொண்டே நின்றது. "என்னத்தே, இதையே எடுத்துக்கலாமா?" என்று மனைவி கேட்டாள். ஆத்தா பதில் சொல்லாமல் வேறு கதை சொல்லுச்சு. குவாரிக்காரர் புது வீடு கட்டினபோது, அடுப்படிக்குப் பலகைக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனது அப்பாவும் இன்னும் மூணு பேரும். கல்லு கனமாம். வாசல் வழியாக, கூடம் வழியாக, அடுப்படி வரைக்கும் போய் வைத்துவிட்டு வந்தார்களாம். இவர்கள் வெளியே வந்ததும், நடந்த இடம் பூராவும் மாட்டு மூத்திரம் தெளித்து அலம்பினார்களாம். "கல்லு மட்டும் அங்கயே கெடந்துச்சு. அதுக்குத் தீட்டில்ல. தூக்கிட்டுப் போனவனுக்குத்தான் தீட்டு. நான் கொல்லையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தப் பலகை எப்டி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் நான் தொட்டுப் பாத்ததில்ல."

மனைவி அதற்குப் பிறகு வெள்ளைக் கல்லைப் பற்றிப் பேசவில்லை. கறுப்பையே எடுத்தோம். நாற்பத்தி ரெண்டு சதுர அடி.

கல் விலையில் கடைக்காரர் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அறுத்துப் பதிக்கிற கூலியில் வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். நான் அடிக்குப் பத்து ரூபாய் குறைத்தேன். மொத்தம் 420 ரூபாய். ஜெயித்த மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்துப் பதிக்க ஆள் வந்தார்கள். ஒருத்தர் சேலத்துப் பக்கம், முப்பது வயசிருக்கும். இன்னொருத்தன் பீகார்ப் பையன், மீசை சரியாக முளைக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குத் துளை எடுக்க வேண்டும். பையன் பலகையைச் செங்கல் மேல் வைத்துவிட்டு, கைமெஷினைப் போட்டு அறுக்கத் தொடங்கினான். அவ்வளவுதான், வீடு பூராவும் வெள்ளைப் புழுதி. ஒரு ஆள் தெரியவில்லை. பையன் மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தான். அவன் இமை மயிரெல்லாம் நரைத்துப் போயிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுக் கதவில் தூசி படியுமே என்று ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

ஆத்தாதான் உள்ளே போச்சு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய், பையன் தோளைத் தொட்டு, "நிறுத்துய்யா, நிறுத்து ராசா" என்றது. பாஷை புரியாவிட்டாலும் அவன் நிறுத்தினான். ஆத்தா சேலத்துக்காரரிடம், "ஏந்தம்பி, தண்ணி விட்டு அறுக்கக் கூடாதா?" என்று கேட்டது.

"தண்ணி விட்டா நல்லதுதான் பாட்டி. ஆனா நேரம் இழுக்கும். ஷாக் அடிக்காத மெஷினு வேணும், தண்ணி ஊத்த இன்னொரு ஆள் வேணும். இந்தக் கூலிக்கு இன்னிக்கே ரெண்டு வீடு முடிச்சாத்தான் எங்களுக்குக் கட்டும். சார்கிட்ட கேளுங்க, ஏற்கனவே கொறச்சுத்தான் பேசியிருக்காரு."

ஆத்தா திரும்பி என்னைப் பார்த்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எவ்வளவுப்பா கொறச்ச?" என்று மட்டும் கேட்டது. நானூத்தி இருபது என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை.

அப்பாவை டி.பி. என்று எழுதினவனை நான் எத்தனை கூட்டத்தில் திட்டியிருக்கிறேன். குவாரிக்காரனின் நோட்டைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். பீகார்ப் பையன் யார், அவன் வீட்டில் யார் எவ்வளவு முன்பணம் வாங்கி இங்கே அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் சாதியை நான் கேட்கவில்லை. கேட்கப்பட்டவனுக்குத்தான் அந்தக் கேள்வியின் ருசி தெரியும். ஆனால் அவன் நெஞ்சுக்குள் போன புழுதியில் 420 ரூபாய்ப் புழுதி என்னுடையது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு வேலையை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் தண்ணீர் விட்டு அறுக்கிற மெஷினோடு வந்தார்கள். நல்ல முகமூடி ரெண்டு வாங்கிக் கொடுத்தேன். குறைத்த கூலியையும், ரெண்டு நாள் ஆனதற்கு மேற்கொண்டும் அவர்கள் கையிலேயே கொடுத்தேன். சேலத்துக்காரர் சிரித்துக்கொண்டே, "நீங்க ஒரு வீட்டுல குடுத்தீங்க சார். நாளைக்குப் போற வீட்டுல?" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. ஒரு ஆள் மனசு இறங்கிக் கொடுக்கிற விஷயமாக இது இருக்கும்வரை பையன்கள் செத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அறுக்கிற இடத்தில் தண்ணீரும், சீட்டில் சரியான நோயின் பேரும், பாறையில் உடைக்கிறவருக்கே குத்தகையும் கேட்டு வாங்க வேண்டியவை.

வேலை முடிந்து அவர்கள் போன பிறகு ஆத்தா மேடையை அலம்பியது. அறுத்த இடத்திலிருந்து அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக வழிந்தது. "உங்கப்பன் எருமித் துப்புனது இந்த நெறந்தான்" என்றது. பிறகு ஈரக் கையோடு பலகையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு தடவை தடவிப் பார்த்தது.

என்னோடு வேலை பார்க்கிற வாத்தியார் ஒருத்தரும் இப்போது வீடு கட்டுகிறார். மேடைக்கு என்ன கல் நல்லது என்று போன வாரம் கேட்டார். காசால் தட்டிப் பார்ப்பது, தண்ணீர் விட்டுப் பார்ப்பது எல்லாம் சொன்னேன். "அறுக்கிறப்பத் தண்ணி விட்டு அறுக்கச் சொல்லுங்க. அதுக்கு உண்டான கூலியையும் சேத்துக் குடுங்க" என்றேன்.

"ஏன் சார், அது கல்லுக்கு நல்லதா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.